அட்டை கட்டிய செடிகள்

இன்று காலை அகலிஃபாச் செடியைக் கழித்துவிட்டுக்கொண்டிருந்தபோது கத்தரி எதிலோ இடித்து நின்றது. குனிந்து பார்த்தால் கம்பி. தண்டைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பி உள்ளே புதைந்து, அதன்மேல் பட்டை மூடி வளர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். கம்பியின் நுனியில் மஞ்சள் அட்டையின் கிழிசல் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் போய்விட்டது. எல்லா அட்டைகளையும் அறுத்து எறிந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்று எப்படியோ தப்பியிருக்கிறது.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த சரோஜா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "இன்னா சார் தேடிக்கினு கீற? பூரானா?" என்றாள். கம்பி என்றேன். "கம்பிக்கா இம்மாம் நேரம்? நவுரு சார், நான் இஸ்து போட்டுர்றேன்" என்றாள். நான் விடவில்லை. செடிக்கு வலிக்காமல் எடுக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. முதுகு பிடித்துக்கொண்டது. உன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. சரோஜாவிடமே நோட்டையும் பேனாவையும் எடுத்துவரச் சொன்னேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது. அழுகை எல்லாம் முதல் வருடத்தோடு தீர்ந்துபோயிற்று. மோட்டார் போடுவது, தொட்டி நிரம்பிவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்பது, ஒற்றை ஆளுக்குச் சோறு வைப்பது, பெண் போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்பது, எல்லாமே அலுப்பு. இதற்கு நடுவில் ஒரே ஒரு கேள்வி மட்டும் தினமும் வந்து நிற்கிறது. கடைசியில் நீ என்னை அடையாளம் தெரிந்துகொண்டுதான் போனாயா? பெண்ணிடம் இதைக் கேட்டால், "அப்பா, அதையே நெனச்சிட்டு இருக்காதீங்க" என்பாள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

செம்பாக்கத்தில் நாம் மனை வாங்கியபோது ஏரிப்பக்கம் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. நம் மனை சுத்தக் களிமண். வெயிலில் வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த மண்ணில் எதுவும் வராது என்று கொத்தனார் சொன்னார், நானும் சொன்னேன். நீ யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சாணியும் மணலும் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தாய். நான் மறைமலை நகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். கார் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறியது, தேறாதது என்று பிரிக்கிற வேலை. முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தேன். தோட்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்ப்பேன். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று நிற்கும்.

"இது என்ன செடி?" என்று கேட்டால், "டீச்சர்" என்பாய்.

செம்பு நிறத்தில் இலை விடுகிற அந்தச் செடியின் குச்சியைக் கொடுத்தது இரண்டு தெரு தள்ளி இருந்த டீச்சர். சர்ச் ஸ்கூலில் கணக்கு எடுத்தவர். அதனால் செடிக்கும் டீச்சர் என்று பெயர். மஞ்சளும் சிவப்பும் தெளித்தது போன்ற இலைகளோடு நின்ற குரோட்டன்ஸ், பொழிச்சலூரில் இருந்த உன் அக்கா கொடுத்தது. அதன் பெயர் அக்கா. ஊதா டிசம்பர் பூவுக்குப் பெயர் பாய் வீட்டம்மா. தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த பாயின் மனைவி பதியன் போட்டுக் கொடுத்தார். இட்லிப்பூ, தபால்காரர். சுவரோரம் மஞ்சள் இலையோடு அடர்ந்து நின்ற செடி மட்டும் ஒரு ஆளின் பெயரில் இல்லை. பேங்க்கில் நான் வரிசையில் நின்ற நேரத்தில் நீ வேலியிலிருந்து நாலு குச்சி ஒடித்து முந்தானையில் சுருட்டிக்கொண்டாய். அதற்குப் பேங்க் என்றே பெயர். கேட்டு வாங்கியதைவிட அது நன்றாக வந்ததில் உனக்கு ஒரு பெருமை.

"அக்காவுக்குப் பூச்சி வந்திருக்கு, டீச்சர் நல்லா இருக்காங்க, தபால்காரருக்கு இன்னிக்குத் தண்ணி வேண்டாம்" என்று நீ சரோஜாவிடம் சொல்வதைக் கேட்டால் வெளியாட்களுக்கு நம் வீட்டில் ஆஸ்பத்திரி நடக்கிறதோ என்று தோன்றும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. எனக்கு எதற்கும் சரியான பெயர் வேண்டும். ரிட்டயர் ஆன மாதமே தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் வண்ணப் படம் போட்ட செடிப் புத்தகம் ஒன்றைப் பிடித்தேன். ஒரு மாதம் குனிந்து குனிந்து இலையின் ஓரம், நரம்பு, காம்பு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொரு செடியும் யார் என்று கண்டுபிடித்தேன். டீச்சர் அகலிஃபா ஆனார். பேங்க் டுராண்டா ஆயிற்று. நீ குரோட்டன்ஸ் வகையில் சேர்த்திருந்த இரண்டு செடிகள் குரோட்டன்ஸே கிடையாது என்று நிரூபித்தேன். நம் ஊரில் இலையில் கொஞ்சம் கலர் தெரிந்தால் போதும், எல்லாம் குரோட்டன்ஸ்தான். நீ சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்டாய். "ஏங்க, பேரு தெரிஞ்சா அது தண்ணி கம்மியா குடிக்குமா?" என்றாய்.

கம்பெனியில் புது அட்டை வந்ததால் பழைய மஞ்சள் அட்டைகளை ஒரு கட்டாக எனக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். பச்சை அட்டை என்றால் தேறியது, சிவப்பு என்றால் தேறாதது, மஞ்சள் என்றால் இன்னும் முடிவாகவில்லை, தனியே வை என்று அர்த்தம். அழியாத மையில் பெயர் எழுதி, மெல்லிய கம்பியால் ஒவ்வொரு செடியிலும் கட்டினேன். "எல்லாமே மஞ்சளா? என் செடியில ஒண்ணுகூட பாஸ் ஆகலையா?" என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகும் நீ டீச்சர், அக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு தடவையும் நான் திருத்துவேன். நீ சரி சரி என்பாய்.

தோட்டத்தில் நான் கொண்டுவந்த செடி ஒன்றே ஒன்றுதான். உன் அக்கா மகள் கல்யாணத்துக்கு வர மாட்டேன், கம்பெனியில் ஆடிட் இருக்கிறது என்று நான் சொன்னதில் நீ நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்தாயே, அந்த வாரம் வாங்கியது. ஊரப்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ரோட்டோர நர்சரியில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் முழுக்கக் கிண்டல். "என்ன சார், வீட்ல சோறு போடலையா?" என்றான் ஒருவன். ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் முசாண்டா. நீ வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல், படுக்கையறை ஜன்னலுக்கு நேராகக் குழி தோண்டி வைத்தாய். மறுநாள் பேசிவிட்டாய். அந்த ரோஸ் நிறம் பூவே கிடையாது, நடுவில் இருக்கிற சின்ன மஞ்சள்தான் பூ என்று புத்தகத்தைப் பார்த்து நான் பிற்பாடு உனக்கு விளக்கினேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாய். அந்தச் செடிக்கு நீ என்ன பெயர் வைத்திருந்தாய் என்று நான் கேட்டதே இல்லை.

அப்புறம் அந்தக் காலை. பல் தேய்க்கப் போனவள் குழாயடியில் அப்படியே சரிந்தாய். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயிற்று. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பெண் பூனாவிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்தாள். அவளுக்கும் குழந்தை, வேலை. போய்விட்டாள். அதன்பின் நீயும் நானும்.

நான் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. உன்னைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ரசம் சாதத்தைக் கரைத்து ஸ்பூனில் கொடுப்பது, பாதி வெளியே வழிவதைத் துடைப்பது. சரோஜா இரண்டு வேளை வந்து உதவினாள். மீதி நேரமெல்லாம் நான். பால் பொங்கும், நீ கூப்பிடுவாய், வாசலில் தண்ணி லாரி ஹார்ன் அடிப்பான், மூன்றும் ஒரே நிமிஷத்தில் நடக்கும். கோபம் வரும். லாரிக்காரன் மேல் காட்ட முடியாது. உன் மேல்தான் காட்டினேன்.

உனக்கு இரண்டே வார்த்தைகள் மிச்சம் இருந்தன. "அது", "இல்ல". குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவரிடம் வாரம் ஒருநாள் ஆட்டோவில் கூட்டிப் போனேன். சின்னப் பெண், பொறுமைசாலி. "அவங்களுக்கு ரொம்பப் பழக்கமான பொருளைக் காட்டிப் பேரு கேளுங்க சார். தெனமும் ஒரே நேரத்துல. வார்த்தை உள்ளதான் இருக்கு, வெளிய வர வழி தெரியல" என்றார். எனக்குத் தெம்பு வந்தது. உனக்குப் பழக்கமான பொருள் தோட்டத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அப்படித்தான் ஆரம்பித்தேன். காலை ஏழு மணிக்கு உன்னை நாலு கால் ஊன்றுகோலோடு நடத்திவந்து, இதே நாற்காலியில் உட்கார வைப்பேன். ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் உன்னை நாற்காலியோடு நகர்த்துவேன். அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது என்ன?" என்பேன். "அது" என்பாய். "அது இல்லம்மா, பேரு சொல்லு. அ-க-லி-ஃபா." உன் வாய் கோணும். "அது... அது..." அப்புறம் இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் நீட்டுவாய். வெளியே போக வேண்டும் என்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, "முதல்ல இதைச் சொல்லு, அப்புறம் போலாம்" என்பேன். நோட்டில் தேதி போட்டு, செடியின் பெயர் போட்டு, பக்கத்தில் 'தேறவில்லை' என்று எழுதுவேன். கம்பெனிப் பழக்கம். 'கவனம் இல்லை' என்றும் சில நாள் எழுதியிருக்கிறேன்.

குரோட்டன்ஸ் முன்னால் உட்கார வைத்தால் நீ வேறு மாதிரி செய்வாய். இடது கையை உயர்த்தி வானத்தைக் காட்டுவாய். திரும்பத் திரும்ப. முகத்தில் ஒரு ஆர்வம் வேறு. மேலே போய்விடுகிறேன் என்கிறாள், சாவைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டி, கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவேன். நீ மறுபடி தூக்குவாய்.

இரண்டரை மாதம் நடந்தது இது. ஒரு நாள் டுராண்டாவுக்கு முன்னால் நீ பையைப் பிடிப்பது போல இடுப்பில் கையை வைத்து, முந்தானையைச் சுருட்டிக் காட்டினாய். நான் வெடித்துவிட்டேன். "நீ வச்ச செடிதானே எல்லாம்? ஒண்ணே ஒண்ணு சொல்ல முடியாதா? நான் மனுஷனா மாடா?" என்று கத்தினேன். நோட்டைத் தரையில் அடித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நீ அழுதாய். வாயின் ஒரு பக்கம் மட்டும் அழுதது. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து நாள் தோட்டத்துப் பக்கமே உன்னைக் கூட்டிப் போகவில்லை.

அந்தப் பத்து நாள் முடிவதற்குள்தான் டீச்சர் உன்னைப் பார்க்க வந்தார். அவரும் ரிட்டயர் ஆகி, மகனோடு மேடவாக்கம் பக்கம் போயிருந்தார். பழைய வீடு இடித்துப் பிளாட் ஆகிவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்ன ஜெபம் சொன்னார். நீ ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஊன்றுகோலைத் தேடினாய். டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே, விழுந்துவிடப் போகிறாள் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தேன்.

அகலிஃபா முன்னால் நின்றாய். இலையைத் தொட்டாய். அதே கையால் டீச்சரின் தோளைத் தொட்டாய். மறுபடி இலை, மறுபடி தோள். அப்புறம் சொன்னாய். "டீச்சர்."

சுத்தமாக, உடையாமல் வந்தது அந்த வார்த்தை.

"ஆமாக்கா, நான் குடுத்ததுதான்" என்றார் டீச்சர். "எங்க வீட்டோட அதெல்லாம் போயிடுச்சு. உங்ககிட்ட இன்னும் இருக்கா?" அவர் கண் கலங்கியது. நான் ஒரு முட்டாளைப் போல, "அது அகலிஃபா டீச்சர். அந்தப் பேரைத்தான் நான் ரெண்டரை மாசமா கேட்டுட்டிருக்கேன்" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். முப்பது வருடம் பிள்ளைகளை வைத்து மேய்த்தவர். அடுத்த செடிக்கு உன்னைக் கூட்டிப்போய் வேறு மாதிரி கேட்டார். "இது யாரு?"

என்ன என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார்.

நீ வானத்தைக் காட்டினாய். "அக்கா" என்றாய். பொழிச்சலூரில் உன் அக்கா வீட்டு மொட்டைமாடியை உரசுவது போலத்தான் விமானம் இறங்கும். அங்கே போனால் யாரும் பேச முடியாது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்போம். வாசல் பக்கம் கை நீட்டியதும் டீச்சர் வீட்டைத்தான். நீ எனக்கு வழி காட்டியிருக்கிறாய். நான் உன் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். டிசம்பர் பூவுக்கு, "பாய் வீட்டம்மா" என்று முழுசாக வரவில்லை, "பாய்... பாய்" என்றாய். இட்லிப்பூவுக்குத் "தபால்". டுராண்டாவுக்கு முன்னால் முந்தானையைச் சுருட்டிக் காட்டி, என்னைப் பார்த்து, "பேங்க்" என்றாய். டீச்சர் கை தட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஜன்னலோரத்து முசாண்டா. "இது யாரு?" என்றார் டீச்சர். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நன்றாக இருந்த பக்கத்து உதடு மட்டும் லேசாகச் சிரித்தது. டீச்சர் மறுபடி கேட்டார். நீ புடவைத் தலைப்பை இழுத்து முடிந்துகொண்டாய்.

"பரவால்ல, இது ஒண்ணு மட்டும் மறந்துட்டா" என்றேன் நான்.

"இது யாரு சார் வாங்கிட்டு வந்தது?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

"நான்தான்."

"அப்புறம் எப்படி சார் சொல்லுவாங்க?" என்றார்.

முப்பத்தேழு வருடத்தில் நீ என் பெயரைச் சொன்னதே இல்லை. அது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை, உன் அம்மாவும் சொன்னதில்லை, என் அம்மாவும் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுதுகிற ஆள் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது நீ பெண்ணின் முதுகைத் தட்டினாய், எட்டு வயதுக் குழந்தை சொல்லிற்று. கோயிலில் அர்ச்சனைக்கும் அவளைத்தான் முன்னால் தள்ளுவாய். அவள் கல்யாணம் ஆகிப் போன பிறகு, ஒரு துண்டுச்சீட்டில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டாய், அர்ச்சகரிடம் நீட்டுவதற்கு. வலது கை போனபின் எழுதவும் வழியில்லை. ஆக, பேச்சு திரும்பி வந்த முதல் நாளே நீ பழைய வழக்கத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் போனதும் கட்டரை எடுத்து எல்லா அட்டைகளையும் அறுத்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நமக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. களைப்பு குறையவில்லை, ஆனால் காலை ஏழு மணி நன்றாக இருந்தது. "இது யாரு?" என்று கேட்பேன். ஆட்களாக வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே மற்ற வார்த்தைகளும் வந்தன. "காபி", "வலி", "போதும்", "பொண்ணு". மேடமே ஆச்சரியப்பட்டார். ஆனால் எனக்கு ஆசை அடங்கவில்லை. எத்தனையோ பேரைச் சொல்கிறாள், என்னை ஒரு தடவை சொன்னால் என்ன என்று ஒரு பேராசை. முசாண்டா முன்னால் உன்னை உட்கார வைத்து, "யாரும் இல்ல, நான் மட்டும்தான் இருக்கேன், ஒரே ஒரு தடவை சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறேன். நீ தலையைக் குனிந்துகொள்வாய். அந்த அரைச் சிரிப்பு. ஒரு நாள் மட்டும் "சீ" என்றாய். அது உன் புது வார்த்தை.

பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது நீ படுக்கையிலேயே இருந்தாய். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். எதுவும் பேசவில்லை. இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சின்னப் பையன்தான், கண்ணெல்லாம் தூக்கம் இல்லாமல் சிவந்திருந்தது. உன் கன்னத்தைத் தட்டினார். என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அம்மா, இங்க பாருங்க. இவரு யாரு?"

நீ என்னைப் பார்த்தாய்.

"யாருன்னு தெரியுதா? இவரு பேரு என்ன? பேரு சொல்லுங்க."

நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். உதடு அசைந்த மாதிரி இருந்தது. அது அந்த அரைச் சிரிப்பா, வெறும் இழுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தலையணையில் இருந்த தலையைக் குனிய முடியாது. கண்ணை மட்டும் கீழே இறக்கினாய்.

"தெரியல போலிருக்கு" என்று டாக்டர் நர்ஸிடம் சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார்.

"டாக்டர், அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டா. எப்பவுமே சொன்னதில்ல" என்றேன்.

"சரி சார், சரி சார்" என்றார். அவருக்கு இன்னும் பதினைந்து கட்டில் இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டரை மாதம் தினமும் உனக்குத் 'தேறவில்லை' போட்டவன் நான்.

மறுநாள் நீ போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதக் கட்டை பீரோவில் வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் தாளில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, கணவரை அடையாளம் தெரியவில்லை என்று. மூன்று வருடமாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். சில நாள் டாக்டர் எழுதியது பொய் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். சில நாள் மூளையில் அந்த இடமும் போயிருக்கலாம், உன் கண் இறங்கியது வெறும் அசதியாக இருக்கலாம் என்று தோன்றும். அந்த நாட்களில் சாப்பாடு இறங்காது. எனக்கு எது உண்மை என்று தெரியாது. தெரிந்துகொள்ள இனி ஒரு கருவியும் கிடையாது.

கொஞ்சம் முன்பு உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பதிவேட்டில் தப்பாக எழுதியதைக் கிழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. அடியில் இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் திருத்தியவன் தன் பெயரைப் போட வேண்டும். அளந்து பார்க்காத எதற்கும் பெயர் போடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. முப்பத்தோரு வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை.

அந்த வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். மேலே, 'தெரிந்தது' என்று எழுதினேன். பக்கத்தில், கையெழுத்தாகக் கிறுக்காமல், யாரும் வாய்விட்டுப் படிக்கும்படி என் பெயரை முழுதாக எழுதினேன்.